வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் போலீஸ்: எழுதிய தாளைக் கேளுங்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். இரவு பத்தே முக்காலுக்கு நான்கு போலீஸ்காரர்கள், அதில் இரண்டு பேர் மஃப்டியில், உங்கள் தம்பியைத் தேடி வந்திருக்கிறார்கள். தம்பி வீட்டில் இல்லை. பீரோவைத் திறந்து துணிமணியை வாரிக் கட்டிலில் போட்டிருக்கிறார்கள், அரிசி டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவியிருக்கிறார்கள், போகும்போது ஒரு லேப்டாப்பையும் பழைய செல்போன் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வாரண்ட் இருக்கிறதா என்று அப்பா கேட்டதற்கு, "அதெல்லாம் சினிமாவுலதான் பெரியவரே" என்று பதில் வந்திருக்கிறது. வாரண்ட் இல்லாமல் வீடு புகுந்து சோதனை போட நம் அரசியல் சாசனம் இடம் தருகிறதா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எடுத்துப்போன லேப்டாப் திரும்பி வருமா, அதில் ஏதாவது கிடைத்தால் அது தம்பிக்கு எதிராகச் செல்லுமா. இந்த இரண்டும்தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன்.

இருபத்திரண்டு வருஷமாக மதுரைப் பக்கத்து நீதிமன்றங்களில் கிரிமினல் கேஸ் நடத்துகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தப் போலீஸ்காரர் கேலியாகச் சொன்னதில் பாதி உண்மை. அமெரிக்காவில் வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் வருவதுதான் விதிவிலக்கு. அங்கே 1791-லேயே நான்காவது திருத்தம் என்று அரசியல் சாசனத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். நம் அரசியல் சாசனத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. மறந்துபோய் விட்டதல்ல, பேசிப் பார்த்துவிட்டு விட்டது. 1947-இல் கே.எம். முன்ஷியும் அம்பேத்கரும் தந்த வரைவுகளில் நியாயமற்ற சோதனைக்கு எதிரான உரிமை இருந்தது. சென்னையின் அட்வகேட் ஜெனரலாக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும், அரசியல் நிர்ணய சபையின் சட்ட ஆலோசகர் பி.என். ராவும், போலீஸ் புலனாய்வே முடங்கிப்போகும் என்று எதிர்த்தார்கள், அது கைவிடப்பட்டது. 1948 டிசம்பரில் காஜி சையத் கரீமுதீன் அரசியல் நிர்ணய சபையில் அதே உரிமையைத் திருத்தமாகக் கொண்டுவந்தார். இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதுதான், ஆனாலும் சட்டமன்றங்கள் கைவைக்க முடியாத இடத்தில் வைப்பது நல்லது என்று சொல்லி அம்பேத்கர் ஏற்றுக்கொள்ளக்கூட முன்வந்தார். வாக்கெடுப்பில் சலசலப்பு, தள்ளிவைப்பு. சில நாளில் திருத்தம் தோற்றது. நம் நாட்டில் உங்கள் வீட்டு வாசலைக் காக்கிற பொறுப்பு அரசியல் சாசனத்திலிருந்து நழுவி ஒரு சாதாரண நடைமுறைச் சட்டத்தின் தலையில் விழுந்தது அப்படித்தான்.

அந்த நடைமுறைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. கோர்ட்டில் நாங்கள் பி.என்.எஸ்.எஸ். என்போம். அதில் 185-ஆவது பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.-யில் 165) வாரண்ட் இல்லாமல் சோதனை போட அதிகாரம் தருகிறது. ஆனால் யாருக்கு, எப்போது என்பதில் கிடுக்கிப்பிடி போட்டிருக்கிறது. நிலையப் பொறுப்பு அதிகாரியோ புலனாய்வு அதிகாரியோ மட்டும்தான் செய்யலாம். அவர் ஒரு குற்றத்தை விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். வழக்கே இல்லாமல் 'சும்மா பார்த்துவிட்டுப் போகலாம்' என்று வர முடியாது. இந்தப் பொருள் இந்த இடத்தில் இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். வாரண்ட் வாங்கப் போனால் தாமதமாகிவிடும் என்றும் அவர் கருத வேண்டும். இதையெல்லாம் சோதனைக்கு முன்பே எழுதி, என்ன பொருளைத் தேடப்போகிறார் என்பதையும் முடிந்தவரை அதில் குறிப்பிட வேண்டும். தானே வர முடியாமல் ஏட்டையோ எஸ்.ஐ.யையோ அனுப்பினால், இடத்தையும் பொருளையும் குறிப்பிட்டு அவர் கையில் எழுத்து ஆணை கொடுக்க வேண்டும். எழுதியதன் நகல் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பழைய சட்டத்தில் 'உடனே' என்று மட்டும் இருந்தது, மணிக்கணக்கு புதிது.

ஆக, "வாரண்ட் எங்கே?" என்பது நம் ஊரில் பாதிக் கேள்வி. "காரணத்தை எங்கே எழுதினீர்கள்? எந்தப் பொருளுக்காக வந்தீர்கள்?" என்பதுதான் முழுக் கேள்வி. எனக்கே இது புத்திக்கு உறைக்கக் கொஞ்ச காலமாயிற்று. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சோதனை விவகாரத்தில் அரசியல் சாசனத்தின் பிரிவு 21, தனிமனித சுதந்திரம் என்று அரை மணி நேரம் மூச்சுவிடாமல் வாதாடினேன். மாஜிஸ்திரேட் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மகஜர் காப்பி வச்சிருக்கீங்களா சார்?" என்றார். இல்லை. வாங்கவே இல்லை. மகஜர் என்பது, எடுத்த பொருளைப் பட்டியலிட்டுச் சாட்சிகள் கையெழுத்திடும் தாள். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

அரசியல் சாசனத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. 1954-இல் எம்.பி. சர்மா வழக்கு. டால்மியா குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றின் கணக்குவழக்கு தொடர்பாக 34 இடங்களில் நடந்த சோதனையைப் பற்றியது. எட்டு நீதிபதிகள் அமர்ந்து, அமெரிக்க நான்காவது திருத்தம் மாதிரி ஒன்றை நம் சாசனம் வைக்காதபோது நாங்களாக இறக்குமதி செய்ய மாட்டோம் என்று கதவைச் சாத்தினார்கள். எட்டு வருஷம் கழித்து, 1962 டிசம்பரில், கதவு கொஞ்சம் திறந்தது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் அவர் பேரில் ஹிஸ்டரி ஷீட், அதாவது கண்காணிப்புப் பதிவேடு, திறந்து வைத்துக்கொண்டு, ராத்திரியில் கதவைத் தட்டுவது, சத்தம் போட்டு எழுப்புவது என்று போலீஸ் தொல்லை கொடுத்தது. ஆறு நீதிபதிகள் அமர்வில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன என். ராஜகோபால அய்யங்கார். வீடு அவரவருக்குக் கோட்டை என்ற 1604-ஆம் ஆண்டு ஆங்கில வழக்கை எடுத்துக்காட்டி, இரவு நேரத்தில் வீட்டுக்கு வந்து எழுப்பும் விதியை ரத்து செய்தார். வேடிக்கை என்னவென்றால், அதே தீர்ப்பில் அந்தரங்க உரிமை என்ற ஒன்று நம் சாசனத்தில் இல்லை என்றும் சொன்னார்கள். அதிகாரமளிக்கும் சட்டம் எதுவுமில்லாமல் வெறும் துறை விதிமுறையை வைத்துக்கொண்டு வந்தார்கள் என்பதுதான் அந்த ரத்துக்கு அடிப்படை. அதனால்தான் 1975-இல் கோவிந்த் வழக்கில், அதே மாதிரியான மத்தியப் பிரதேசக் கண்காணிப்பு விதிக்குச் சட்டப் பின்புலம் இருந்ததால், நிஜமாகவே ஆபத்தானவர்கள் விஷயத்தில் மட்டும் என்று சுருக்கி வாசித்து, அதை உயிரோடு விட்டார்கள்.

2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். சர்மா, கரக் சிங் இரண்டும் அதற்கு மாறாகச் சொன்ன அளவில் அடிபட்டுப்போயின. இனி வீட்டுக்குள் அரசு கால்வைத்தால் மூன்று விஷயம் பார்க்கப்படும்: அதற்குச் சட்டம் இருக்கிறதா, நோக்கம் நியாயமானதா, செய்தது தேவைக்கு அளவானதா. உங்கள் தம்பி ரவுடிப் பட்டியலில் இருக்கிறாரா என்று தெரியாது. இருந்தாலும் கூட, ராத்திரி வந்து கதவைத் தட்டிக் கண்காணிக்கும் பழக்கம் கரக் சிங் காலத்திலேயே தப்பு என்றாகிவிட்டது. 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் அதையே மறுபடியும் சொன்னது.

இப்போது உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் தேடி வந்தது ஆளையா, பொருளையா? இது அற்பமான வேறுபாடு இல்லை. கைது செய்ய வேண்டிய ஆள் உள்ளே இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் நுழைய 44-ஆவது பிரிவு (பழைய 47) இடம் தருகிறது, வீட்டுக்காரர் வழிவிட்டே ஆக வேண்டும். அந்த அறைக்குள் வெளியே வராத வழக்கமுள்ள பெண் இருந்தால், முதலில் சொல்லி, ஒதுங்கிக்கொள்ள வசதி செய்து தர வேண்டும் என்றும் அங்கே இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு ஆளைத் தேடத்தான். உங்கள் தம்பி அரிசி டிரம்முக்குள் ஒளிந்திருக்க முடியாது. டிரம்முக்குள் கைவிட்ட நொடியில் அது பொருளுக்கான சோதனை ஆகிவிட்டது. அப்படியானால் 185 சொல்லும் எழுத்து வேலை அத்தனையும் செய்திருக்க வேண்டும். தம்பியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு லேப்டாப்பைக் கையில் எடுத்துப் போனது உங்கள் பக்கத்துக்கு நல்ல வாதம். அதற்கென்று தனியாக ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் அதன் பலம். காகிதத்தைப் பார்க்காமல் நான் இதற்கு மேல் போக முடியாது.

சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பது 103-ஆவது பிரிவில் (பழைய 100) இருக்கிறது. அக்கம்பக்கத்தைச் சேர்ந்த, மரியாதைக்குரிய, சார்பில்லாத இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவரைக் கூடவே இருக்கவிட வேண்டும். எடுத்த பொருளுக்கெல்லாம் எங்கே இருந்து எடுத்தது என்று பட்டியல் போட்டு, சாட்சிகள் கையெழுத்திட்டு, உங்களுக்கு நகல் தர வேண்டும். ஒரு பெண்ணின் மேல் சோதனை என்றால் பெண்தான் செய்ய வேண்டும். நம் பக்கத்தில் நடப்பது வேறு கதை. சாட்சிகள் பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் தலையாரியும்தான். மகஜரில் 'அக்கம்பக்கத்தார் யாரும் சாட்சியாக முன்வராததால்' என்று அச்சு மாதிரி ஒரு வரி இருக்கும். விடியற்காலை நடந்த சோதனை என்றாலும் அதே வரி, சந்தைக்கு நடுவில் நடந்தாலும் அதே வரி.

ஒரு கேஸ் இன்னும் கண் முன்னால் நிற்கிறது. என் கட்சிக்காரர் வீட்டில் திருட்டுச் செயின் எடுத்ததாக வழக்கு. சோதனைக்கு முன் காரணம் எழுதினீர்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்டேன். கேஸ் டைரியில் எழுதியிருக்கிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். நீதிபதி டைரியை வாங்கிப் புரட்டினார். காரணம் இருந்தது. 'எதிரியின் வீட்டில் 23.450 கிராம் எடையுள்ள செயின் மறைத்து வைக்கப்பட்டிருப்பதாக நம்பத்தகுந்த தகவலின் பேரில்' என்று. (எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.) புகார் கொடுத்த அம்மாவோ 'மூணு பவுன்' என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். மூணு பவுன் என்றால் 24 கிராம். தராசில் நிறுத்துப் பார்த்த பிறகு மட்டுமே தெரியக்கூடிய எடை, தேடுவதற்கு முன் எழுதிய காரணத்தில் எப்படி வந்தது? நீதிபதி அந்த வரியை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். அதற்கப்புறம் அந்த ஆள் விடுதலையாக நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இதிலிருந்து தப்பான முடிவுக்குப் போய்விடாதீர்கள். அங்கே ஜெயித்தது சோதனை சட்டவிரோதம் என்பதற்காக அல்ல, பொருள் அங்கே கிடைத்தது என்பதையே நீதிபதி நம்பவில்லை என்பதற்காக. நம்மூரில் இந்த இரண்டும் வெவ்வேறு. 1957-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் டால்ரீ மாப் என்ற பெண்ணின் வீட்டுக்கு, குண்டுவெடிப்பு வழக்கில் ஒருவரைத் தேடிப் போலீஸ் போனது. வாரண்ட் கேட்டதற்கு ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டினார்கள். அது வாரண்டுதான் என்பதற்குக் கடைசிவரை ஆதாரம் இல்லை. தேடிய ஆளைப் பற்றி இல்லாமல், ஆபாசப் புத்தகம் வைத்திருந்ததாக அவர் மேல் வழக்குப் போட்டார்கள். உங்கள் வீட்டுக் கதைக்கும் இதற்கும் ஒற்றுமை தெரிகிறதல்லவா? 1961-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சட்டவிரோதமாக எடுத்ததை மாநில நீதிமன்றங்களிலும் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. நம் உச்ச நீதிமன்றம் 1973 டிசம்பரில், பூரன்மல் என்ற வருமான வரிச் சோதனை வழக்கில், நேர் எதிராகப் போனது: சோதனை தப்பாக நடந்திருந்தாலும், கிடைத்தது வழக்குக்குப் பொருத்தமானது என்றால் சாட்சியமாகும். அதற்கு முன்பே ராதாகிஷன் என்ற தபால்காரர் வழக்கில் சொல்லப்பட்டதும் அதே திசைதான். முறை தவறிய சோதனையை வீட்டுக்காரர் எதிர்க்கலாம், நீதிமன்றமும் அந்தச் சாட்சியத்தை உன்னிப்பாக அலசலாம், ஆனால் கைப்பற்றியது அதனாலேயே செல்லாமல் போய்விடாது.

'எதிர்க்கலாம்' என்பது காகிதத்தில் மட்டும் இருக்கிற சொல்லும் அல்ல. ராஜஸ்தானில் ரஹ்மான் என்பவர் புகையிலை தேடி வந்த கலால் அதிகாரிகளைத் தடுத்தார். காரணத்தை எழுதாமல் வந்த சோதனை சட்டவிரோதம், அதனால் தடுத்தது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது. 1960-ஆம் ஆண்டு தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது, எழுதியவர் சுப்பா ராவ். இதைப் படித்துவிட்டு யாரும் வாசலில் கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்றுதான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வேன். ரஹ்மானுக்கு நியாயம் கிடைத்தது டெல்லியில், உச்ச நீதிமன்றம் வரை போய். உங்களுக்கு அன்று ராத்திரியே அரசு ஊழியரைத் தடுத்ததாக ஒரு வழக்கு விழும், அதிலிருந்து வெளியே வரச் சில வருஷம் ஆகும். வாயால் ஆட்சேபம் சொல்லுங்கள், உடம்பால் வேண்டாம்.

கஞ்சா போன்ற போதைப்பொருள் வழக்கு என்றால் கணக்கே மாறும், கடுமையும் கூடும், காப்பும் கூடும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 42-ஆவது பிரிவின்படி வாரண்ட் இல்லாமல் வீட்டில் நுழைவது சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில்தான். இரவில் வர வேண்டுமானால், வாரண்ட் வாங்குவதற்குள் பொருள் மறைந்துவிடும் என்ற காரணத்தை எழுதிவிட்டு வர வேண்டும். எழுதியது 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும். இதை முற்றாக மீறினால் ஏற்க முடியாது என்று 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். தாமதம் என்றால், ஏற்கக்கூடிய விளக்கம் இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். காரணமில்லாமல் வீடு புகுந்து தொல்லை கொடுக்கும் அதிகாரிக்கு 58-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைகூட இருக்கிறது. ஆறு மணிக்கு மேல் போலீஸ் வீட்டுக்கு வரவே கூடாது என்று நம்மூரில் பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. சாதாரண வழக்குகளுக்கு 185-இல் அப்படி நேரத் தடை இல்லை. அஸ்தமனத்துக்குப் பின் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்ற விதியோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

உறுதியாகச் சொல்ல முடிவது இவ்வளவு. இனிச் சொல்வதில் சட்டமே இன்னும் நிலைகொள்ளவில்லை. புதிய சட்டத்தின் 105-ஆவது பிரிவு, சோதனை முழுவதையும், பட்டியல் போட்டு சாட்சி கையெழுத்திடுவது வரை, ஆடியோ வீடியோவாகப் பதிவு செய்து தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. செல்போனே போதும், அதற்கென்று இ-சாக்ஷ்யா என்ற செயலியும் இருக்கிறது. எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. கைப்பற்றியதே செல்லாது என்று வாதிடுவோம். சாட்சியத்தின் கனம் குறையும், அவ்வளவுதான் என்று அரசுத் தரப்பு சொல்லும். நான் பந்தயம் கட்டுவதானால் இரண்டாவதன் மேல்தான் கட்டுவேன், அது எனக்குப் பிடிக்காவிட்டாலும். பூரன்மல் தீர்ப்பும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. நம் சாசனத்தில் அந்தரங்க உரிமை இல்லை என்ற சர்மா வழக்கின் மேல் காலூன்றி நின்ற தீர்ப்பு அது. அந்தக் கால் 2017-இல் போய்விட்டது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டத்துக்குப் புறம்பாக ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சைப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னது. அது போன் விவகாரம், வீட்டுச் சோதனை அல்ல. ஆனால் உங்கள் லேப்டாப் விஷயத்தில் நான் வாதிட்டால் அந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுத்து நீட்டுவேன்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது. அந்த இரவு நடந்ததை அப்பாவும் நீங்களும் தனித்தனியாக எழுதி வையுங்கள், யார் எந்த அறைக்குள் போனார்கள், எதை எங்கே இருந்து எடுத்தார்கள், வீடியோ எடுத்தார்களா என்பது வரை. தெருவில் கடையிலோ எதிர் வீட்டிலோ கேமரா இருந்தால் பதிவு அழியுமுன் வாங்கிவிடுங்கள். பிறகு அந்த எல்லைக்குரிய மாஜிஸ்திரேட் முன் 185(5)-இன் கீழ் ஒரு மனு. சோதனை நடந்த வீட்டின் உரிமையாளரோ குடியிருப்பவரோ கேட்டால் அந்தக் காரணக் குறிப்பின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. மனு அப்பா பெயரில் போகட்டும், தம்பி பெயரில் வேண்டாம். கூடவே 105-இன்படி வந்த வீடியோ பதிவுக்கும் நகல் கேளுங்கள். 48 மணி நேரம் எப்போதோ கடந்துவிட்டது, அதனால் கோர்ட்டுக்கு எதுவும் வரவில்லை என்று தலைமை எழுத்தர் சொன்னால் அதையே எழுத்தில் குறித்துத் தரச் சொல்லி மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். லேப்டாப்பைத் திரும்பப் பெற 503-ஆவது பிரிவில் (பழைய 457) தனி மனு போட வேண்டும். வாங்கிய ரசீது இருந்தால் அதையும், இல்லையென்றால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைப் படமெடுத்தும் வையுங்கள், ஏனென்றால் பல மகஜர்களில் 'கருப்பு நிற லேப்டாப் ஒன்று' என்று மட்டும்தான் எழுதியிருக்கும்.